ஆறு நாள் வேறு, ஏழு வாரம் வேறு

தம்பி,

உனக்கு முப்பது வயதாகிறது. இன்னும் நானும் அம்மாவும் பெற்ற பிள்ளையைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது, நீயும் ஒருநாளும் மாற்றச் சொன்னதில்லை. மூன்று நாளாக நீ சந்நிதி முருகன் கோயில் மடத்தில் தங்கியிருக்கிறாய். தொலைபேசியை அம்மாவின் தையல் மெசினுக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாய். நாளை மறுநாள் காலை, வேல் முன்னே போக, நீங்கள் எல்லோரும் கதிர்காமத்துக்கு நடக்கத் தொடங்குவீர்கள். ஏழு வாரத்து நடை, உனக்காக நான் வைத்த நேர்த்திக்கடன். உன்னுடைய மருந்துக் குளிசைப் போத்தலும் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ அந்தக் குளிசையைக் கொண்டுபோக வேண்டும், ஒரு நாளும் விடாமல் போட வேண்டும். இந்தக் கடிதம் முழுவதிலும் நான் கேட்கப்போவது அவ்வளவுதான். ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த விடயத்தில் உனக்கு நான் ஒரு வரியில் பதில் சொன்னதால்தான் இவ்வளவும் வந்தது. அதனால் இந்த முறை முழுவதையும் சொல்கிறேன். உன்னோடு நடக்கப்போகிறவர்களுக்கு வாசித்துக் காட்டினாலும் நல்லது. வழியில் உனக்கு ஏதும் வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் நீ கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. "வெறுங்கையோடை அனுப்புறன் எண்டுதானே அப்பா நேர்த்தி வைச்சனீங்கள்?" என்று கேட்டாய். "ஓம், ஆனா குளிசை வேறை கதை" என்றேன். நீ சிரித்தாய். "கந்தசட்டிக்கு ஆறு நாள் நான் குளிசை போடேல்லை. என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை. ஆறு நாளிலை ஒண்டும் வராது எண்டு சொன்னதும் நீங்கள்தான். உங்கடை முருகனுக்கு ஆறு நாள் எண்டால் சரி, அம்பது நாள் எண்டால் பிழையோ?" அதற்கு நான் ஒழுங்கான பதில் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். "விசரா, வாயை மூடடா" என்று கத்தினேன். நீ வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனாய். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் கத்தியதில்லை. எனக்கு மறுமொழி தெரிந்திருந்தது. அந்த மறுமொழியைச் சொல்லப்போனால் என் பிழைகளையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். அதற்காகத்தான் கத்தினேன்.

முதல் பிழை உனக்குத் தெரியும், ஆனால் அதை நான் வாய்திறந்து ஒத்துக்கொண்டதில்லை. நீ மின்சார வயறிங் வேலைக்குப் போய் நாலு வருடமாகியிருந்த காலம். திடீரென்று மெலிந்தாய். மூன்று பேரின் சோற்றைத் தின்றாய், அம்மா சந்தோஷப்பட்டாள். கை நடுங்கியது, சின்ன ஆணியைத் திருகமுடியாமல் எரிந்து விழுந்தாய். கண் வெளியே தள்ளி, பார்க்கிறவர்களை முறைக்கிற மாதிரி இருந்தது. இரவில் நித்திரை இல்லை. இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை வைத்திருக்கிற எந்தத் தகப்பனுக்கும் என்ன நினைப்பு வருமோ அதுதான் எனக்கும் வந்தது, போதைத்தூளோ என்று. ஒருநாள் நீ குளிக்கப் போன நேரம் உன் வேலைச் சாமான் பையைத் திறந்தேன். குறட்டுக்கும் கரண்ட் பார்க்கிற ரெஸ்ரருக்கும் நடுவில், பொலித்தீன் பையில் கட்டியபடி வெள்ளைப் பொடி. நீ தலை துவட்டிக்கொண்டு வந்தாய். "எங்காலை உது?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் உன் கன்னத்தில் அடித்தேன். இருபத்தேழு வயதுப் பிள்ளையை. அம்மா ஓடிவந்து பையைப் பறித்து மணந்து பார்த்தாள். "அட கடவுளே, உது என்ரை முகப்பவுடர்! நானும் பவுடர் ரின்னைக் காணேல்லை எண்டு தேடுறன்." நீ கன்னத்தைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாய்: "உள்ளங்கை வேர்க்குது அப்பா. ஸ்குரூ ட்ரைவர் வழுக்குது. அதுக்குத்தான் பூசுறனான்."

வேர்க்கும் கை, நடுங்கும் விரல், தின்னத் தின்ன மெலியும் உடம்பு, பிதுங்கிய கண். இந்த நாலையும் நான் எத்தனை வருடம் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப்போட்டிருப்பேன்! வீட்டுக்குள் அதே நாலும் என் முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்தது சலூன்காரர். உனக்கு முகம் வழித்துவிட்டு, அடுத்த கிழமை நான் போனபோது அவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், எனக்குப் படிப்பில்லை. ஆனா கழுத்துகள் தெரியும். உங்கடை பெடியன்ரை கழுத்து ஒருமாதிரிக் கிடக்கு, டொக்டரிட்டைக் காட்டுங்கோ." பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

இனி நான் உனக்கு விளங்கப்படுத்தவேண்டிய பாடம். ஆஸ்பத்திரியில் அவர்கள் சொன்னபோது நீ பயத்தில் இருந்தாய், நான் பயத்தை மறைப்பதில் இருந்தேன். இரண்டு பேரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி ஒரு வண்ணத்துப்பூச்சி அளவில் இருக்கிறது உன்னைப் பாடுபடுத்திய சுரப்பி. பாடப்புத்தகத்தில் கேடயச்சுரப்பி, கிளினிக்கில் தைரொயிட். உப்பிலும் மீனிலும் இருந்து எங்கள் இரத்தத்துக்கு வரும் அயடீன் மிக மிகக் கொஞ்சம். சுரப்பியின் கலங்கள், அதாவது செல்கள், அதை விடாமல் இழுத்து எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கலங்கள் ஒரு சின்னக் குடத்தின் சுவர் மாதிரி வட்டமாக நிற்கின்றன, குடத்துக்குள்ளே பசை போன்ற ஒரு பொருள். கலங்கள் ஒரு பெரிய புரதத்தைச் செய்து அந்தப் பசைக்குள் விடும். புரதத்தில் அங்கங்கே தைரோசின் என்ற அமினோவமிலம் இருக்கும். அதில் அயடீன் ஒட்டும், ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் இரண்டு. பிறகு அவை சோடி சேரும். இரண்டும் இரண்டும் சேர்ந்தால் நாலு அயடீன் உள்ள ரி4. தைரொக்சின் என்ற ஓமோன் அதுதான், உன் குளிசையில் இருப்பதும் அதுதான். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று அயடீன் உள்ள ரி3.

மற்ற ஓமோன் சுரப்பிகளில் இல்லாத ஒரு பழக்கம் இந்தச் சுரப்பிக்கு உண்டு. அது செய்ததை உடனே வெளியே விடாது. மாசி பங்குனி வெயிலில் நாங்கள் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து, ஒடியலாக்கி, பெட்டியில் கட்டி வைக்கிறோமே, அதே மாதிரி. இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமான ஓமோன் அந்தப் பசைக்குள் புரதத்தோடு ஒட்டியபடி கிடக்கும். தேவை வரும்போது கலம் கொஞ்சத்தை உள்ளே இழுத்து, புரதத்தை வெட்டி, ஓமோனைப் பிரித்து இரத்தத்தில் விடும். அப்படி வருவதில் பெரும்பங்கு ரி4. ஒடியலைக் கூழ் காய்ச்சுவதற்கு இடித்து மாவாக்கவேண்டும் அல்லவா? ரி4-உம் அப்படித்தான். ஈரலும் சிறுநீரகமும் மற்ற இடங்களும் அதிலிருந்து ஓர் அயடீனைக் கழற்றி ரி3 ஆக்கும். வேலை செய்கிறது அந்த ரி3. இதயம் எவ்வளவு வேகமாக அடிப்பது, உடம்பு எவ்வளவு சூடாக இருப்பது, குடல் எவ்வளவு அசைவது, மூளை எவ்வளவு விழிப்பாக இருப்பது எல்லாம் அது சொல்கிறபடி.

எவ்வளவு சுரக்கவேண்டும் என்று சுரப்பிக்கு யார் சொல்வது? அதற்கு ஒடியல் உதாரணம் சரிவராது, நீ இப்போது இருக்கிற மடத்தையே எடுத்துக்கொள். அன்னதானத்தில் சமையற்கட்டில் நிற்பவர்களுக்குப் பந்தி தெரியாது. வாசலில் ஒருவர் நின்று இலைகளைப் பார்க்கிறார். இலை காய்ந்தால் உள்ளே பார்த்து "சோறு வரட்டும்!" என்று குரல் கொடுக்கிறார். இலை நிறைந்தால் பேசாமல் நிற்கிறார். மூளைக்கு அடியில் கடலையளவில் இருக்கிற கபச்சுரப்பிதான் அந்த ஆள். இரத்தத்தில் ஓமோன் குறைந்தால் அது கூப்பிடும். அந்தக் குரலுக்குத்தான் உன் கிளினிக் கொப்பியில் ரி.எஸ்.எச். என்று எழுதியிருக்கிறார்கள். ஓமோன் போதுமென்றால் குரல் இறங்கும். கபச்சுரப்பிக்கு மேலே மூளையின் ஒரு சிறு பகுதி, மடத்துப் பெரியவர் மாதிரி, அந்த ஆளுக்கே கண்காட்டிக்கொண்டிருக்கும். அதுவும் இலையைப் பார்க்கும். சமையற்கட்டில் அரிசியே இல்லாவிட்டால், அதாவது அயடீன் இல்லாவிட்டால், வாசலில் நிற்பவர் கத்திக்கொண்டே இருப்பார். உள்ளே சமையல்காரர் கூடுவார்கள், கட்டிடம் பெருக்கும், சோறு மட்டும் வராது. கண்டமாலை என்று கழுத்து வீங்குவதில் ஒருவகை இப்படி வருவதுதான். உனக்கு வந்தது வேறு. உன் உடம்பே செய்த ஒரு பிறபொருளெதிரி, வாசலில் நிற்பவரின் குரலைப் போலவே குரல் கொடுத்தது. உண்மையான ஆள் வாயை மூடி நின்றார். அந்தக் கள்ளக்குரல் ஓயவில்லை. இலைகள் நிறைந்து வழிய வழியச் சமையல் நடந்தது. உன் இதயமும் கையும் கண்ணும் பட்டபாடு அதனால்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் மருந்தால் அடக்கப் பார்த்தார்கள். அடங்கவில்லை, வீக்கமும் மூச்சுக்குழாயை நெருக்கியது. சுரப்பியை முழுதாக வெட்டி எடுப்பது என்று முடிவானது. வெட்டுகிற அன்று காலை டொக்டர் என்னிடம் சொன்னார், சுரப்பிக்குப் பின்னால் குரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் சொல்லவேண்டியது எங்கள் கடமை என்று. நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். சந்நிதி இருக்கும் திசைக்குத் திரும்பினேன். என்னைத் தெரிந்த ஒருவரும் நம்பமாட்டார்கள். கோயிலுக்குப் போனாலும் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் நான். "முருகா, அவன்ரை குரல் குரலாய் வந்தால், அவனை வெறுங்கையோடை கதிர்காமத்துக்கு நடக்க விடுறன்" என்றேன். உன்னைக் கேட்கவில்லை. உன் கால்களை வைத்து நான் நேர்த்தி வைத்தேன். எங்கள் ஊரில் எல்லாப் பெற்றோரும் செய்வதுதான், ஆனால் யோசித்துப் பார்த்தால் அது ஒரு துணிச்சலான திருட்டு. பின்னேரம் நீ கண் விழித்து, கரகரத்த குரலில் "தேத்தண்ணி" என்றாய். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், வைத்த நேர்த்தி உனக்குச் சுமையாகுமா என்று நினைக்கவே தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் யோசி. நான் அப்படிச் சொன்ன நேரத்தில் உன் கழுத்தில் சுரப்பி இருந்தது. இந்தத் தைரொக்சின் குளிசை எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. வெறுங்கை என்றபோது நான் நினைத்தது பெட்டி, படுக்கை, தொலைபேசி. உன் உடம்பில் இருக்கவேண்டிய ஒன்றை விட்டுவிட்டுப் போ என்று நான் முருகனிடம் சொல்லவில்லை. உன் ஈரலை எடுத்து வைத்துவிட்டா நடக்கப் போகிறாய்?

வீட்டுக்கு வந்த பிறகும் நான் பிழை விட்டேன். காலையில் உனக்குக் குளிசையைக் கொண்டுவந்து தந்தவன் நான்தானே? பால்தேத்தண்ணியோடு தந்தேன். மூன்று மாதம். உனக்கு எந்நேரமும் குளிர்ந்தது, முகம் ஊதியது, வேலைக்குப் போன வீட்டில் ஏணிக்கு மேலேயே தூங்கி வழிந்தாய். இரத்தம் சோதித்தால் ரி.எஸ்.எச். ஏறியிருந்தது. சமையற்கட்டே இல்லாத மடத்தில் அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். கிளினிக்கில் இருந்த தாதி மிஸ் கொப்பியைப் பார்த்துவிட்டு உன்னைக் கேட்டாள், "தம்பி, என்னத்தோடை குளிசை குடிக்கிறீர்?" நீ என்னைப் பார்த்தாய். "ஐயாவோ தாறவர்? ஐயா, பாலோடை போட்டால் குளிசை ஒழுங்கா உள்ளுக்குப் போகாது. கல்சியம் குளிசையோடையும் போடக்கூடாது. வெறுவயித்திலை, வெறும் தண்ணியோடை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தேத்தண்ணி. நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" நான் விஞ்ஞான ஆசிரியர் என்று சொல்லவில்லை. "பென்சன்" என்றேன். நீ வெளியே வந்து சிரித்த சிரிப்பு எனக்கு அன்று பிடிக்கவில்லை, இப்போது நினைத்தால் பிடிக்கிறது.

மூன்றாவது பிழைக்கு வருகிறேன். கந்தசட்டி. ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கப்போகிறேன் என்றாய். "குளிசை போடாமல் விட்டால் ஏதும் செய்யுமோ அப்பா?" என்று கேட்டாய். நான் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "ஆறு நாளிலை ஒண்டும் வராது" என்றேன். சொன்னது பிழையில்லை. ஆனாலும் நல்ல ஆசிரியர் அப்படிச் சொல்லிவிட்டுப் பத்திரிகை வாசிக்கமாட்டார். கிளினிக்கில் கேள் என்றிருப்பார், தண்ணீர் குடிக்கிற விரதத்தில் குளிசையை விழுங்க என்ன தடை என்று கேட்டிருப்பார். ஏன் ஒன்றும் வராது, எத்தனை நாளுக்குப் பிறகு வரும் என்று சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. நீ ஆறு நாள் விட்டாய், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போனாய், இரத்தமும் சரியாக இருந்தது. அதிலிருந்து நீ படித்த பாடம், இந்தக் குளிசை சும்மா ஒரு பழக்கம் என்பது. பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு முடிவு எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் சைபர் போட்டிருக்கிறேன். உனக்கு அந்தப் பாதிப் பரிசோதனையைச் செய்யக் கொடுத்தவன் நானே.

இதைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். நான் பலகையில் கீறின படத்தில் அம்புக்குறிகள் இருந்தன. மூளையிலிருந்து கபச்சுரப்பிக்கு ஒன்று, அங்கிருந்து தைரொயிட்டுக்கு ஒன்று, திரும்பி மேலே ஒன்று. எந்த அம்புக்குறியிலும் நேரம் இல்லை. சுரப்பியை அகற்றினால் என்ன நடக்கும் என்று கேள்வி போட்டேன், சரியாக எழுதியவர்களுக்குப் புள்ளி போட்டேன். எப்போது நடக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு சில ஓமோன்கள் சில நிமிடத்தில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். ரி4 அப்படியில்லை. அது இரத்தத்தில் புரதங்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் போகும். உள்ளதில் பாதி குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எனவே கந்தசட்டி முடிந்த அன்று உன் இரத்தத்தில் பாதிக்கும் கொஞ்சம் மேலேயே இருந்திருக்கும். அந்தப் பாதிதான் உன்னைத் தாங்கியது.

இனி ஏழு வாரத்தை எடு. நீ ஏற்கனவே விட்ட இந்த மூன்று நாளைச் சேர்க்காமலே சொல்கிறேன். பெட்டியில் நூற்றிருபத்தெட்டு ஒடியல் இருக்கிறது என்று வை. முதல் வாரம் முடிய அறுபத்துநாலு. நீங்கள் வன்னிக்குள் நடந்துகொண்டிருப்பீர்கள், உனக்கு ஒன்றும் தெரியாது, அப்பா பயந்தாங்கொள்ளி என்று நினைப்பாய். இரண்டாம் வாரம் முப்பத்திரண்டு. மூன்றாம் வாரம் பதினாறு. காலையில் எழும்ப மனம் வராது, கால் வீங்கும், நடந்த களைப்பு என்று நினைப்பாய். நாலாம் வாரம் எட்டு, ஐந்தாம் வாரம் நாலு. மட்டக்களப்பு வெயிலில் உனக்குக் குளிரும். குரல் தடிக்கும், பேச்சு இழுபடும், கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரம் எடுக்கும், நாடி மெதுவாகும். ஆறாம் வாரம் இரண்டு. ஏழாம் வாரம் ஒன்று. அப்போது நீங்கள் பொத்துவில் தாண்டிக் காட்டுக்குள் இருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சுரப்பி இருக்கிறது, சுரப்பிக்குள் மாதக்கணக்கில் சேமிப்பு இருக்கிறது. உனக்கு அந்தப் பெட்டியே இல்லை தம்பி. உனக்கு இருப்பது அன்றன்றைய குளிசையும் இரத்தத்தில் மிஞ்சியதும் மட்டும்தான். அந்த நிலையில் ஒரு காய்ச்சல், ஒரு வயிற்றோட்டம் வந்தால் போதும், நித்திரை போலத் தொடங்கும், எழுப்பினால் எழும்பமாட்டாய். அதிலிருந்து திரும்பாதவர்களும் உண்டு. நான் பயப்படுத்த எழுதவில்லை. கிளினிக்கில் போய்க் கேட்டேன். "குளிசையை ஒழுங்காப் போட்டால் அவர் கதிர்காமத்துக்கு என்ன, திரும்பியும் நடக்கலாம். போடாமல் எண்டால் நான் ஓம் சொல்லமாட்டன்" என்றார் டொக்டர்.

விஞ்ஞானம் போதும், அடியார்களிடமும் கேட்போம் என்று நேற்றுச் சந்நிதிக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. நீ கேணிப் பக்கம் நின்றாய், நான் மறுபக்கத்தால் போனேன். உங்கள் கூட்டத்தோடு வருகிற தவமணி அக்காவைக் கண்டு கதைத்தேன். ஐந்து தடவை நடந்தவர், உன் அம்மாவிலும் மூத்தவர். விடயத்தைச் சொன்னேன். அவர் மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே சீனி வியாதிக்கான குளிசைகள். "மாஸ்டர், இதைப் போட்டுக்கொண்டுதான் நான் அஞ்சு தரமும் நடந்தனான். முருகன் ஒருநாளும் என்ரை முடிச்சை அவிட்டுப் பாக்கேல்லை." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவன் பிடிவாதக்காரன். ஆரைப் போலை?" முடிச்சைத் திரும்பக் கட்டினார். "நேர்த்தி வைச்சது ஆர்?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "அப்ப நீங்கள் ஏன் வீட்டை இருக்கிறியள்?"

சைக்கிளை உருட்டிக்கொண்டு உடுப்பிட்டியில் எங்கள் வீடு வரை நடந்தே வந்தேன். அம்மாவிடம் சொன்னேன், தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று. "அவனுக்குப் படிப்பிக்காதேங்கோ, முதல் மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள். படிப்பிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது என்று அவளுக்கும் தெரியும். அதனால் இரண்டையும் செய்கிறேன். அடித்ததற்கு மன்னித்துக்கொள். கேட்காமல் உன் காலை நேர்ந்ததற்கு மன்னித்துக்கொள். பத்திரிகைக்குப் பின்னால் இருந்து பாதிப் பதில் சொன்னதற்கு மன்னித்துக்கொள். நீ என்னை மன்னிக்காவிட்டாலும் குளிசையைப் போடவேண்டும். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாதே.

நானும் வருகிறேன். இது யோசித்து முடிவெடுத்த விடயம், திருப்பிப் பேச இடமில்லை. இரண்டு மாதத்துக் குளிசையை ஈரமும் வெயிலும் படாதபடி இரண்டு போத்தலில் பிரித்திருக்கிறேன். ஒன்று என் மடியில், ஒன்று தவமணி அக்காவிடம். என் முழங்கால் எப்படி என்று அம்மா கேட்டாள். முடிகிற தூரம் நடப்பேன். முடியாத நாளில் பஸ் ஏறி, அன்று நீங்கள் தங்குகிற ஊருக்கு உங்களுக்கு முன்னரே போய் நிற்பேன். பஸ் ஓடாத காட்டுப்பாதையில் நான் பின்தங்கினால் அக்கா தருவார், அவர் சொல்லை நீ தட்டமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நாளை மறுநாள் விடிய மடத்து வாசலில் நிற்பேன். என்னைக் கண்டதும் உனக்குக் கோபம் வரும். எல்லோர் முன்னாலும் "உங்களை ஆர் வரச் சொன்னது?" என்று கேட்பாய். கேள். நான் கத்தமாட்டேன். ஒரு கையில் தண்ணீரும் மற்றக் கையில் குளிசையுமாக நிற்பேன். நீ விழுங்கினால் வேலுக்குப் பின்னால் இரண்டு பேரும் நடப்போம். விழுங்காவிட்டாலும் வேலுக்குப் பின்னால்தான் வருவேன், மறுநாள் விடியவும் உன் முன்னால் அப்படியே வந்து நிற்பேன், அதற்கு மறுநாளும் நிற்பேன். பென்சன்காரன் நான். ஏழு வாரத்துக்கு எனக்கு வேறு ஒரு வேலையும் இல்லை.

அப்பா